சாணும் முழமும்

தலைக்கு மேல் போன வெள்ளம்
சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன
என்று யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள்.
அவர்கள் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் அல்ல.

எனக்குச் சாண் வேறு, முழம் வேறு.
சாண் என்றால் தரைவிரிப்பு, சோபாவின் கால், நாயின் படுக்கை.
முழம் என்றால் பிளக் பாயிண்ட், சலவை இயந்திரம், பியானோவின் மிதி.
இடுப்பளவு என்றால் சுவரையே உரித்து
ஆறு மாதம் உலர்த்த வேண்டும்.
ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல், தனித் தொகை.
டேப்பை நீட்டி, கறை நின்ற இடத்தில் நிறுத்தி,
படம் எடுத்துக்கொண்டு போகத்தான்
நவம்பர்க் குளிரில் ஹெப்டன் பிரிட்ஜுக்கு வந்திருக்கிறேன்.
இந்தத் தெருவுக்கு மூன்றாவது முறை.

முன்கதவு ஊறிப் பெருத்துச் சட்டத்தில் இறுகிக் கிடந்தது.
"பின்பக்கம் வா" என்றது மாடி ஜன்னல்.

மார்ஜரி சட்கிளிஃபின் வீடு படியேறிக்கொண்டிருக்கிறது.
முதல் வெள்ளத்தில் புகைப்படங்கள் ஏறின.
அடுத்ததில் மின்பெட்டி.
இப்போது அடுப்பும் கெட்டிலும்
கட்டிலுக்குப் பக்கத்தில், மாத்திரை டப்பாக்களோடு.
"கீழ்த்தளத்தை ஆற்றுக்கு வாடகைக்கு விட்டாயிற்று" என்றார்.
"அட்வான்ஸ்தான் தரமாட்டேன் என்கிறது."

சிரித்தோம்.
பிறகு படிவம்.

காரணம் என்ற கட்டத்தில்
நான் தேர்ந்தெடுக்க நான்கு சொற்கள் உண்டு:
ஆறு, மழை, குழாய் வெடிப்பு, பிற.
மழை என்று தட்டினேன்.

எந்த மழை?
இங்கே வந்து சேர்வதற்கு எட்டு நாள் முன்பு
அதற்கு ஒரு கண் இருந்தது.
கரீபியனில் ஏதோ ஒரு தீவின்
தகரக் கூரைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.
வடக்கே வரவரக் கண் அவிந்தது.
பதவி போன மந்திரிபோல்
பெயருக்கு முன்னால் ‘முன்னாள்’ ஒட்டிக்கொண்டது.
மூட்டையை மட்டும் இறக்கி வைக்கவில்லை.
வழியெல்லாம் கடல் வெதுவெதுப்பு.
காற்று ஒரு டிகிரி சூடேறினால்
நூற்றுக்கு ஏழு பங்கு நீரைக் கூடுதலாகச் சுமக்குமாம்.
சுமந்ததை இறக்க
இந்த ஒடுங்கிய பள்ளத்தாக்குதான் கிடைத்தது,
குடிக்க மறுக்கும் மேட்டு நிலமும்
ஏற்கெனவே நிரம்பியிருந்த கால்டர் ஆறும்.

"அப்போது இது அதனால்தானா?"

இந்த ஒரு மழையைச் சுட்டி ஆமாம் என்றுவிட முடியாது.
தாயக்கட்டையின் ஒரு முகத்தை
வெகுகாலமாக உரசிக்கொண்டிருக்கிறோம்.
முன்பும் தாயம் விழுந்தது, இப்போதும் விழுகிறது.
எந்தத் தாயம் உரசலால் விழுந்தது என்று
கட்டைக்கே தெரியாது.
ஆனால் எதிராளி
பழத்துக்கு மேல் பழமாக எடுத்துக்கொண்டிருக்கிறான்.

இதை அவருக்குச் சொல்லத்
தாயம் தெரிந்திருக்க வேண்டும்.
"சாத்தியம் கூடியிருக்கிறது" என்றேன், நிறுவனக் குரலில்.
அவர் அந்தச் சொல்லைத் தேநீரில் போட்டுக் கலக்கினார்.
வீடு வாங்கியபோது வக்கீல் கொடுத்த தாளில்
நூறாண்டுக்கு ஒருமுறை என்றிருந்ததாம்.
இந்தத் தெருவில் நூற்றாண்டு
சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

பின்வாசல் கல்லில் டேப்பை வைத்தேன்.
நூற்று எட்டு சென்டிமீட்டர்.
அதற்குக் கீழே, பென்சிலில், என் கையெழுத்தில், எழுபத்தாறு.
இன்னும் கீழே நாற்பத்தொன்று,
எனக்கு முன் இருந்த ஃபர்த் எழுதியது.
அவர் வேலையை விட்டுவிட்டார், காரணம் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு இந்த வீட்டுக்கு
எங்கள் நிறுவனம் காப்பீடு தருமா என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது,
பொய் சொல்லவாவது ஒரு வழி இருந்திருக்கும்.

குடையை மாடியில் மறந்துவிட்டு
அதை எடுக்கத் திரும்ப ஏறினேன்.
ஏறும்போது எண்ணினேன்,
கறை நின்ற படியிலிருந்து
கெட்டில் இருக்கும் தளம் வரை
இன்னும் நனையாதவை எத்தனை என்று.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

எட்டு.
கைவிரித்து ஒன்றை அளந்தேன்.
ஒரு படி, ஏறக்குறைய ஒரு சாண்.